தீவுக்கு மணல் தரும் பச்சைப் பாசி

லட்சத்தீவுக்குப் போய்வந்தவர்கள் போனில் படம் காட்டினால், கூட இருப்பவர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "மணல் எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?" ஜுஹூவிலும் தாதர் சௌபாட்டியிலும் சாம்பலும் பழுப்புமான மணலில் நடந்தே பழகிய மும்பைத் தமிழர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். "பவளம் உடைஞ்சு மணலாகுது" என்று யாராவது பதில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதி பதில். அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு, சில தீவுகளில் பெரும்பங்கு, ஒரு பச்சைப் பாசியின் உடல். அதன் பெயர் ஹலிமீடா.

பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர்களுக்கும் புரிகிற மாதிரி இந்தப் பாசியைப் பற்றிச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கடலில் எத்தனையோ அதிசயம் இருக்கலாம். ஒரு செடி மாதிரித் தெரியும் உயிர், மனிதர் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலத்தையே விளைவிக்கிறது என்பதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

முதலில் மணல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். காவிரி மணல் மலையிலிருந்து வருகிறது. பாறை சிதைகிறது, ஆறு அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. மும்பைக்கும் சொந்தப் பாறை உண்டு. நம் காலுக்குக் கீழே இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். அந்தேரியில் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் குன்று சுமார் 6.6 கோடி ஆண்டு பழையது. இந்த ஊரும் ஒரு காலத்தில் ஏழு தீவுகள்தான் என்றாலும் அந்த ஏழும் கல்லின் மேல் நின்றவை.

லட்சத்தீவு அப்படிக் கிடையாது. மொத்தமாகவே சுமார் 32 சதுர கிலோமீட்டர் நிலம், அதுவும் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர்தான். மலை இல்லை, ஆறு இல்லை. மாலத்தீவும் பசிபிக் நடுவே இருக்கும் துவாலுவும் கிரிபாட்டியும் இதே ரகம். பழைய எரிமலை எங்கோ ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. பக்கத்தில் பெருநிலம் இல்லாததால் வெளியிலிருந்து மணல் வந்து சேரவும் வழியில்லை. அப்படியானால் அங்கே கிடக்கும் ஒவ்வொரு பருக்கையையும் கடலில் வாழும் ஏதோ ஓர் உயிர்தான் செய்திருக்க வேண்டும். பவளம், சங்கு சிப்பி, ஃபோராமினிஃபெரா என்கிற ஓடு கட்டும் நுண்ணுயிர், கல்லாக இறுகும் செந்நிறப் பாசிகள், அப்புறம் நம் ஹலிமீடா. இவற்றின் எச்சம் சேர்ந்ததுதான் பவளத்தீவின் நிலம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஹலிமீடாவைப் பார்த்தால் சப்பாத்திக்கள்ளியைச் சின்னதாக்கிக் கடலுக்குள் நட்டுவைத்த மாதிரி இருக்கும். தட்டையான பச்சைத் துண்டுகள், ஒன்றின் தலையில் இன்னொன்று, அதன் தலையில் இரண்டு என்று கிளைத்துக்கொண்டே போகும். துண்டு ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை அகலம். சில விசிறி வடிவம், சில சிறுநீரக வடிவம். தொட்டால் பாசிக்குரிய வழவழப்பு இருக்காது. விறைப்பாக, லேசாகச் சொரசொரவென்று இருக்கும். துண்டுகள் சேரும் மூட்டு மட்டும் வளையும், அதனால் அலை அடிக்கும்போது ஒடியாமல் ஆடும். உலர வைத்து எடை போட்டால் பாதிக்கும் மேல் சுண்ணாம்பு. சில இனங்களில் பத்தில் எட்டு ஒன்பது பங்குகூடச் சுண்ணாம்புதான். உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758இல் இதில் ஓர் இனத்தை வகைப்படுத்தியபோது விலங்குகளுக்கான பாகத்தில்தான் வைத்தார். கல் மாதிரி இருக்கும் ஒன்று தாவர வகை என்று அன்றைக்கு நம்புவது கடினமாகவே இருந்திருக்கும்.

இனி இதன் உடல். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஆலமரம், வாழை, நாம் எல்லாம் கோடிக்கணக்கான செல்களால் ஆனவர்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் அல்லது சவ்வு, உள்ளே ஓர் உட்கரு. ஹலிமீடாவில் அந்தத் தடுப்பே கிடையாது. உள்ளே இருப்பது கிளைத்துக் கிளைத்துப் பின்னிக்கொண்ட மெல்லிய குழாய்கள், குழாய்க்குள் தங்கு தடையில்லாமல் ஓடும் திரவம், அதில் எக்கச்சக்கமான உட்கருக்களும், பச்சை நிறம் தந்து ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகங்களும். கண்ணுக்கு ஒரு குத்துச் செடியாகத் தெரியும் அத்தனையும் உண்மையில் ஒரே ஒரு செல்.

மும்பையிலேயே இதன் உறவுக்காரர்களைப் பார்க்கலாம். நீர் நன்றாக வற்றும் நாளில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளுக்கு இறங்கினால், மெல்லிய பச்சைக் காகிதம் கிழிந்து கிடப்பதுபோல உல்வா படர்ந்திருக்கும். அது பல செல்களால் ஆனது, இரண்டு செல் கனம் மட்டுமே. பாறைக் குட்டைகளில் கௌலர்பா கண்ணில் பட்டால் அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதுவும் ஹலிமீடா மாதிரியே ஒற்றைச் செல்லாக வளர்கிற ஜாதி, ஆனால் சுண்ணாம்பு கட்டாது. ஹலிமீடாவை நான் இந்தக் கரையில் பார்த்ததில்லை. கழிமுகச் சேறும் சாக்கடையும் கலங்கிக் கிடக்கும் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. வெயில் ஆழம்வரை இறங்குகிற, வெதுவெதுப்பான, தெளிந்த நீர் வேண்டும். ஒதுக்குப்புறத் தீவுகளைச் சுற்றி அது செழிப்பதற்கு இதுதான் காரணம். தண்ணீர் தெளிவாக இருந்தால் நூறு மீட்டருக்கு மேல் ஆழத்தில்கூட வளரும்.

சரி, சுண்ணாம்பு எப்படி வருகிறது?

ஒரு துண்டைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் ஓடும் குழாய்கள் வெளிப்பக்கமாகக் கிளைத்து, நுனியில் உப்பி, ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டு ஒரு தோல் மாதிரி மூடியிருப்பது தெரியும். அந்தத் தோலுக்கு உள்பக்கம், குழாய்களுக்கு இடையில் சின்னச் சின்ன இடைவெளிகள். அங்கே கொஞ்சம் கடல்நீர் அடைபட்டுக் கிடக்கிறது. கடல்நீரில் கால்சியமும் கார்பன் சேர்ந்த உப்பும் எப்போதும் கரைந்தே இருக்கும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும்போது பக்கத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. அடைபட்ட நீரில் அது குறையக் குறைய அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் சுண்ணாம்பு கரைந்த நிலையில் நிற்க முடியாமல் ஊசி ஊசியான படிகங்களாக இறங்குகிறது. அராகனைட் என்பது அந்தப் படிக வகையின் பெயர். வெளிக்கடலில் இப்படி நடக்காது, ஏனென்றால் அங்கே நீர் கலந்துகொண்டே இருக்கும். நீரைச் சின்ன அறையில் பூட்டி வைத்ததால்தான் முடிகிறது. சுண்ணாம்பு செல்லுக்குள்ளே சேர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குழாய்களுக்கு வெளியே, ஆனால் உடலுக்கு உள்ளே, அந்த இடைவெளிகளில்தான் நிரம்புகிறது. துண்டுக்கு வயதாக ஆக இடைவெளி முழுக்க அடைத்துக்கொண்டு துண்டு கல்லாகிறது.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி அண்ணா உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அவருடன் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் கொடுத்த ஹலிமீடாக் கொத்து ஒன்று அதில் உண்டு. பகலில் பார்த்தால் பச்சையாக, சாதுவாக நிற்கும். ராத்திரி தொட்டி விளக்கை அணைத்து ரொம்ப நேரம் கழித்து டார்ச் அடித்தால் கதையே வேறு. கிளை நுனியில், மாலையில் இல்லாத இடத்தில், கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வெள்ளையாக ஒரு புதுத் துண்டு துளிர்த்திருக்கும். பழைய துண்டுகளும் பகலில் இருந்ததைவிட வெளிறியிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் புதுத் துண்டு பச்சையாகிவிட்டிருக்கும்.

ஒற்றைச் செல்லாக இருப்பதன் வசதி இது. தடுப்பு இல்லாததால் பசுங்கணிகங்கள் குழாய் வழியே இடம் மாறலாம். இரவில் மேல்தோலை விட்டு உள்ளே இறங்கிவிடுகின்றன, விடியும் நேரத்தில் மேலே ஏறுகின்றன. புதுத் துண்டை வெறும் குழாயாக முதலில் கட்டிவிட்டு, விடிவதற்கு முன் பச்சையை அங்கே அனுப்பி வைக்கிறது. ஏன் இரவில்? பாறைத்திட்டில் பாசி மேயும் மீன்கள் பகலில்தான் மேயும். மென்மையான இளந்துண்டை அவை தூங்கும் நேரத்தில் வளர்த்துக்கொள்வது பாதுகாப்பு. மார்க் ஹேயும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. இளந்துண்டில் மீனுக்குப் பிடிக்காத வேதிப்பொருள் அதிகமாக இருக்கும். துண்டு முற்றிச் சுண்ணாம்பு ஏறிய பிறகு கடினமே காவல். முதலில் கசப்பு, பிறகு கல் என்று இரண்டு கட்டப் பாதுகாப்பு.

ஒருநாள் காலையில் அண்ணி எங்கள் கதவைத் தட்டினார். "அந்தப் பாசி என்னமோ மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன்." போய்ப் பார்த்தால் துண்டுகளின் ஓரமெல்லாம் கடுகைவிடச் சிறிய பச்சை மணிகள் கொத்துக் கொத்தாக, துண்டுகள் மட்டும் வெளுத்து. அடுத்த நாள் தண்ணீர் பச்சையாகக் கலங்கி, கொத்து முழுக்க எலும்பு வெள்ளையாக நின்றது. "செத்துப்போச்சா?" என்று அவர்கள் வீட்டுப் பாப்பா கேட்டாள். ஆமாம், செத்துவிட்டது. ஆனால் நோயால் சாகவில்லை. அது பிள்ளை பெறும் விதமே அப்படி. ஹலிமீடா தன் உடலில் உள்ள எல்லாவற்றையும் அந்த மணிகளுக்குள் அனுப்பி, இனப்பெருக்கச் செல்களாக மாற்றி, விடியல் வேளையில் நீரில் விட்டுவிடும். மணிகள் தோன்றியதிலிருந்து எல்லாம் முடிய ஒன்றரை நாள் போதும். தனக்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை, கல்கூடு மட்டும் நிற்கும். கென்னத் கிளிஃப்டன் பனாமாவின் கரீபியக் கரையில் இதைக் கவனித்து 1997இல் எழுதினார். ஒரே காலையில் ஓர் இனத்தின் ஏராளமான செடிகள் சேர்ந்து இப்படிச் செய்கின்றன. அருகருகே வாழும் வெவ்வேறு இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஆளுக்கொரு நேரத்தில் விடுகின்றன. கடல் கொஞ்ச நேரம் பச்சையாகக் கலங்கி மறுபடி தெளிந்துவிடும்.

மூட்டுகள் அழுகியதும் அந்தக் கூடு உதிர்கிறது. துண்டு ஒவ்வொன்றும் தனித்தனிப் பருக்கை. நொறுக்கவோ அரைக்கவோ வேண்டியதில்லை, உதிர்ந்த அன்றே அது மணல். பவளத்துக்கு இந்த வசதி இல்லை. அதைப் புயல் உடைக்க வேண்டும், கிளிமீன் கொறித்து அரைத்துக் கழிக்க வேண்டும். ஹலிமீடாத் துண்டு இன்னும் சிதைந்தால் அராகனைட் ஊசிகள் பிரிந்து, பவளத்திட்டு வளைத்து நிற்கும் அமைதியான கடலான குடாவின் அடியில் வெண்சேறாகப் படியும். இதற்கு நடுவே வளர்ச்சியும் வேகம். நல்ல வெளிச்சத்தில் கிளை நுனியில் ஒரே நாளில் ஒரு புதுத் துண்டு வந்துவிடும். அலையில் ஒரு கிளை ஒடிந்து வேறிடத்தில் விழுந்தாலும் அங்கேயே வேர்போன்ற இழைகளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் மணல் வரத்து எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

இதை மனிதர்கள் தெரிந்துகொண்ட கதையும் ஒரு தொலைதூரத் தீவில்தான் நடந்தது. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதைச் சுற்றிய பவளத்திட்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வர, கடைசியில் நடுவில் குடா மட்டும் மிஞ்சும் வளையத் தீவு உருவாகிறது என்று டார்வின் 1842இல் சொன்னார். சரியா தவறா என்று தெரிய ஒரே வழி, அப்படி ஒரு தீவில் துளை போட்டுப் பார்ப்பது. லண்டன் ராயல் சொசைட்டி இன்றைய துவாலுவில் உள்ள ஃபுனாஃபுட்டித் தீவைத் தேர்ந்தெடுத்து 1896, 1897, 1898 என்று மூன்று முறை ஆட்களை அனுப்பியது. இரண்டாம் பயணத்துக்குத் தலைமை சிட்னியின் நிலவியலாளர் எட்ஜ்வொர்த் டேவிட். கடைசியில் துளை சுமார் 340 மீட்டர் வரை இறங்கியது. அதுவரையும் திட்டுயிர்களின் எச்சமே வந்தது, எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. (அது கிடைக்க 1952 வரை ஆனது. மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் கருங்கல் வந்தது. டார்வின் சொன்னது சரி.)

ஆனால் ஃபுனாஃபுட்டியில் எனக்குப் பெரிதாகப் படுவது துளையின் ஆழத்தைவிட இன்னொரு முடிவு. ஃபின்க் என்பவர் அங்கே தங்கி, உயிருள்ள திட்டைச் சுற்றிப் பார்த்து, இந்தத் தீவைக் கட்டுவதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று வரிசைப்படுத்தினார். முதலிடம் கல்லாக இறுகும் செந்நிறப் பாசிக்கு. இரண்டாமிடம் ஹலிமீடாவுக்கு. மூன்றாவது ஃபோராமினிஃபெரா. பவளத்துக்கு நான்காம் இடம்தான். பவளத்தீவு என்று உலகமே அழைக்கும் ஓரிடத்தில் பாசிகள் பவளத்தை முந்தி நின்றன.

எல்லாத் தீவிலும் இதே கணக்கு இருக்காது. மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றி நடந்த, 2015இல் வெளியான ஆய்வில் புது மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துப் போட்டது, சுமார் 10 சதவீதம்தான் ஹலிமீடா. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு வடபகுதியில் நிலைமை நேர் எதிர். அங்கே திட்டுக்குப் பின்புறக் கடலடியில் ஹலிமீடாத் துண்டுகள் மட்டுமே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து, வளையம் வளையமான மேடுகளாகக் கிடக்கின்றன. 2016இல் வெளியான வரைபடப்படி அந்த மேடுகளின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மும்பை மாநகராட்சியின் எல்லையைப்போல பத்து மடங்குக்கும் அதிகம்.

பவளத்தீவின் கரையை அலை தினமும் அரித்துக்கொண்டு போகிறது. அதை ஈடுகட்ட உயிர்கள் தினமும் புது மணலைத் தந்தாக வேண்டும். வரத்து நின்றால் தீவு தேயும். கடல் மட்டம் உயர்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், மணல் தரும் உயிர்களைப் பற்றி அந்த அளவு பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பகுதி கடலில் கரைந்து, நீரின் காரத்தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. ஹலிமீடா தன் அறைகளுக்குள் செய்வதற்கு நேர் எதிரான வேலை அது. அராகனைட் எளிதில் கரையும் வகை என்பது கவலையைக் கூட்டுகிறது. எல்லா இனமும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஆய்வகச் சோதனைகளில் சில இனங்களின் சுண்ணாம்பு குறைந்தது, சில தாக்குப்பிடித்தன.

தாராவியிலும் சயானிலும் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய. அவர்கள் ஊர்க் கடலான மன்னார் வளைகுடாவிலேயே ஹலிமீடா உண்டு. பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் விலைக்குப் போகிறவை. அவற்றிலிருந்து உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகர், அல்ஜின் எடுக்கலாம். ஹலிமீடாவில் அந்த இரண்டும் கிடையாது, அதனால் அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கல்லை வருடக்கணக்காக வெட்டி எடுத்தது முக்கியக் காரணம்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், அல்லது லட்சத்தீவுக்கே போனால், கரையில் உட்கார்ந்து உள்ளங்கை மணலை நிதானமாகப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பளபளவென்று வளைந்திருப்பது சிப்பித் துணுக்கு. குச்சி மாதிரி, மேலே நட்சத்திரக் குழிகள் இருந்தால் பவளம். ஒழுங்கான சின்ன வட்டமாகவோ நட்சத்திரமாகவோ இருந்தால் ஃபோராமினிஃபெரா. தட்டையாக, சுண்ணக்கட்டி வெள்ளையில், விசிறி வடிவத்தில், மேற்பரப்பு முழுக்க ஊசியால் குத்தின மாதிரி நெருக்கமான துளைகளோடு இருந்தால் அதுதான் ஹலிமீடா. குழாய் நுனிகள் வந்து முட்டிய இடங்கள் அந்தத் துளைகள். பார்த்துவிட்டு மணலை அங்கேயே போட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது.